வந்த வழியே பதில்

மணலூற்று நகராட்சியில் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி, ஊரில் ஒருத்தரும் வாயைத் திறக்காமலேயே மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு புகார்களைக் கேட்டுக்கொண்டது, தானும் ஒரு வார்த்தை பேசாமலேயே அத்தனைக்கும் பதில் சொன்னது என்று தெய்வசிகாமணி அடித்துச் சொன்னபோது, விசாரணை அறையின் மின்விசிறிகூட ஒரு கணம் நின்று யோசித்துவிட்டுத்தான் மறுபடி சுற்றியது.

மண்டல அலுவலகத்திலிருந்து வந்திருந்த விசாரணை அதிகாரி பேனாவை மூடினார். பிறகு திறந்தார்.

“இதை நான் எழுதிக்கணுமா?”

“எழுதிக்குங்க ஐயா. பின்னாடி வெளிநாட்டுக்காரன் வந்து கேட்பான். அன்னைக்குப் போய்த் தேடிக்கிட்டிருக்க முடியாது.”

பக்கத்து நாற்காலியில் இருந்த லோகநாயகி நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். குடிநீர்ப் பிரிவின் இளநிலைப் பொறியாளர் அவள். ஒன்பது வருடமாகத் தெய்வசிகாமணியைத் தெரியும். டெலிபோன் இலாகாவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், நகராட்சியின் போன் வேலைகளை ஒப்பந்தத்தில் பார்க்கிறவர். ஒரு புயலில் அறுந்த கம்பியின் இரண்டு முனைகளையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு நின்றதில், ஒரு கல்யாணப் பேச்சு முழுவதும் தன் உடம்பு வழியாகவே போய் முடிந்தது என்றும், பிள்ளை வீட்டார் கேட்ட சீர்வரிசை இன்னமும் இடது தோளில் வலிக்கிறது என்றும் சொல்லித் திரிகிறவர். உண்மையை அவர் வாயில் போட்டாலும் பொய்யாகத்தான் வெளியே வரும்.

அவளுடைய மடியில் பழுப்பு நிறக் கோப்பு இருந்தது. உள்ளே ஒரே பக்கத்தில் அவளுடைய தொழில்நுட்ப அறிக்கை: மேற்படி இயந்திரத்துக்குத் தானாக யாரையும் அழைக்கும் திறன் கிடையாது. கீழே கையெழுத்து, முத்திரை.

எதிரில், உட்காரச் சொல்லியும் உட்காராமல், சூசைமாணிக்கம் நின்றார். ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவர். இருபத்திரண்டு வருடமாக இரும்புச் சாவியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக வால்வு திருப்பியதில் ஒரு தோள் மட்டும் இறங்கிப் போனவர். யாருடைய உத்தரவும் இல்லாமல் ஒன்பது தெருக்களுக்குத் தண்ணீரை மூடினார் என்பது அவர் மேல் குற்றச்சாட்டு. டெலிபோன் சொன்னது, மூடினேன் என்பது அவர் பதில். லோகநாயகியின் அறிக்கை சரி என்றால் சூசைக்கு வேலை போய்விடும். அதிகாரி அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கப்போகிறார். அவள் “ஆமாம்” என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அறிக்கையில் இருக்கும் வார்த்தைதான். அதைச் சொல்ல இத்தனை எரிச்சல் எங்கிருந்து வருகிறது என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

எல்லாம் ஆடி மாதம் ஆரம்பித்தது. அதுவரைக்கும் நகராட்சிப் புகார் அறையில் நாலு போன் இருந்தன. நாலும் எந்நேரமும் பிஸி. மூன்றின் ரிசீவர்கள் மேஜைமேல் மல்லாந்து கிடக்கும், நாலாவதில் இருந்த அம்மாள் தன் நாத்தனாரோடு பேசிக்கொண்டிருப்பார். கமிஷனர் ஒருநாள் தன் வீட்டுத் தண்ணீருக்குத் தானே போன் செய்து பார்த்துத் தோற்றுப்போனார். மறு மாதமே நாலு போனையும் பிடுங்கிவிட்டு, டிஜிட்டல் லைன் ஒன்றும், அதைச் செருகிக்கொள்ளும் கார்டோடு ஒரு கம்ப்யூட்டர் பெட்டியும் வந்து இறங்கின.

லோகநாயகிக்கு அதைத் தெய்வசிகாமணிதான் விளக்கினார். “இதை ஒரு லாட்ஜுன்னு வச்சுக்குங்க மேடம். ஒரே கம்பிதான், ஆனா உள்ளே முப்பது ரூம். முப்பது பேர் ஒரே நேரத்துல பேசலாம். வாசல்ல ரிஜிஸ்டரோட ஒருத்தன் உட்கார்ந்திருக்கான். அவனுக்குத் தனி வழி, அதுல பேச்சே போகாது. எந்த நம்பர் வந்துச்சு, எத்தனை மணிக்கு வந்துச்சு, எப்போ போச்சு, அவ்வளவுதான் எழுதுவான். ரூமுக்குள்ளே போகாம வாசலோட திரும்பிப் போறான் பாருங்க, அவனையும் எழுதிடுவான். பழைய போன்ல இந்த ரிஜிஸ்டர் கிடையாது. மணி அடிச்சு நின்னா யாருன்னு அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும்.”

“சரி, எத்தனை ரிங்ல எடுக்கும்?”

“ரிங்கா? அடிக்கணும்னு நினைக்கிறதுக்கு முன்னாடியே எடுத்துடும்.”

அவர் சொன்னதிலேயே பொய் கலக்காத வாக்கியம் அது ஒன்றுதான். ஊரைக் கவிழ்த்ததும் அதுதான்.

ஏனென்றால் மணலூற்றில் தண்ணீருக்கும் போனுக்கும் ஒரு பழைய ஏற்பாடு இருந்தது. காலை ஐந்தரைக்குச் சூசை வரிசையாகத் தெருக்களைத் திறந்துவிட்டு, தொட்டியடியில் இருந்த போன் பக்கத்தில் வந்து உட்காருவார். தெருவுக்கு ஒருத்தர் மணி கொடுக்கப் பொறுப்பு. ஒரு ரிங் அடித்து நின்றால் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு என்றால் வரவில்லை. மூன்று என்றால் நாற்றமடிக்கிறது, மூடு. எந்தத் தெரு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. எந்த வரிசையில் திறந்தோம் என்று சூசைக்குத் தெரியும். இருபது வருடம் ஊர் ஒரு வார்த்தை பேசாமல் தண்ணீர் பிடித்தது. தொட்டியடி போனையும் புதுப் பெட்டியோடு சேர்த்துவிட்டார்கள் என்பதை ஊருக்கு யாரும் சொல்லவில்லை. லோகநாயகிக்கோ இப்படி ஒரு ஏற்பாடு இருந்ததே தெரியாது.

முதல் நாள் காலையில் ஊர் முழுக்க ஒரு ரிங் கொடுக்க விரலை வைத்தது. பெட்டி அத்தனை பேரையும் கப்பென்று பிடித்துக்கொண்டது. “வணக்கம். மணலூற்று நகராட்சி தங்களை அன்புடன் வரவேற்கிறது. குடிநீருக்கு எண் ஒன்றை அழுத்தவும்.” அன்போடு வரவேற்கப்பட்ட ஊர், பத்து மணிக்கு நகராட்சி வாசலில் குடத்தோடு நின்றது. முன்னால் நின்றவர் பர்மா காலனி எட்டாம் தெருவுக்கு மணி கொடுக்கும் மெகராஜ் பேகம்.

“நான் என்ன உங்க கம்ப்யூட்டர்கிட்ட பேசவா போன் பண்ணினேன்? பேசக் கூடாதுன்னுதானே பண்ணினேன்” என்றார். “விடிஞ்சும் விடியாம ஒரு பொம்பளை வந்து வணக்கம் சொல்றா. எங்க வீட்டுக்காரர் யாருடி அதுன்னு கேட்கிறார். நான் என்னன்னு சொல்றது?”

லோகநாயகிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சூசையைக் கூப்பிட்டு விசாரித்ததில் ஏற்பாடு முழுவதும் வெளியே வந்தது. பொறியியல் கல்லூரியில் நாலு வருடம் படித்தும் இந்தத் தண்ணீர் எப்படி ஓடிக்கொண்டிருந்தது என்பதே தனக்குத் தெரியவில்லையே என்று முதல் எரிச்சல். அதை இத்தனை வருடமாக ஒருத்தரும் சொல்லவில்லையே என்று இரண்டாவது எரிச்சல். நீங்க கேட்கலையே மேடம் என்று சூசை சொன்னபோது மூன்றாவது.

அன்று சாயங்காலமே பெட்டி ஐந்து ரிங் விட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று மாற்றினாள். மறுநாள் விடிந்ததும் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, தன் வீட்டு லேண்ட்லைனிலிருந்து கூப்பிட்டு, இரண்டு ரிங் கேட்டுவிட்டு வைத்தாள். அந்த எண் அலுவலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. வீடு பர்மா காலனி ஒன்பதாம் தெரு. போன் வீட்டு உரிமையாளர் பெயரில். எண்ணைக் கொடுத்தால் ஊரே தூங்கவிடாது என்று கமிஷனரிடம்கூட வீட்டில் போன் இல்லை என்று சொல்லிவைத்திருந்தாள். ஊழியர் கையில் செல்போன் வந்த பிறகும் அந்த ரகசியத்தைக் கோட்டை மாதிரி காத்தாள். செல்போனைத்தான் சாயங்காலம் ஆறு மணிக்கு அணைத்துவிடலாமே.

ஊர் பழையபடி மணி கொடுக்க ஆரம்பித்தது. அத்தோடு போயிருந்தால் இந்தக் கதைக்கு வேலையில்லை. வாராந்திர அறிக்கை என்று ஒன்று இருக்கிறதே, அது விடவில்லை.

பெட்டிக்குள் இருந்த மென்பொருள் பழகப் பழகக் கற்றுக்கொள்ளும் ரகம். வந்த புகாரைக் குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு என்று தானே பிரித்து வாரக்கடைசியில் ஒரு பட்டியல் கொடுக்கும். முதல் வாரம் தொண்ணூற்றிரண்டு சதவீதம் ‘இதர’ என்று வந்தது. அத்தனையும் எடுக்கப்படாத மணிகள். கமிஷனர் ‘இதர’ என்ற சொல்லைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, ‘இது என்ன, சந்தையா?’ என்று எழுதி அனுப்பினார். கடுப்பில் லோகநாயகி உட்கார்ந்து பெட்டிக்குப் புதிதாக இரண்டு கட்டளைகள் கொடுத்தாள். ஒன்று: எந்த அழைப்பும் வகைப்படுத்தாமல் இருக்கக் கூடாது. இன்னொன்றை அலுவலக நடைமுறைக் கையேட்டிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டாள்: ஒவ்வொரு புகாருக்கும் அது வந்த வழியிலேயே பதில் தர வேண்டும். கடிதத்தில் வந்தால் கடிதத்தில், நேரில் வந்தால் நேரில், போனில் வந்தால் போனில். இனி ஒரு ஆள் வந்து ‘பதில் இல்லை’ என்று சொல்லட்டும், பார்க்கலாம்.

மறு வாரம் ‘இதர’ சுத்தமாக இல்லை. பட்டியலில் தெரு வாரியாக இருந்தது: எட்டாம் தெரு, தண்ணீர் வந்தது. நாலாம் தெரு, வரவில்லை. முதல் வரியே பர்மா காலனி ஒன்பதாம் தெரு, ராமபத்ரன், தண்ணீர் வரவில்லை. ராமபத்ரன் அவள் குடியிருந்த வீட்டின் உரிமையாளர். சொந்த ஊரில் கண் ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கிறவர் எங்கே இங்கே வந்து புகார் கொடுத்தார்? அவள் அந்த வரியைச் சிவப்பு மையில் அடித்துவிட்டுத் தெய்வசிகாமணியைக் கூப்பிட்டாள்.

“என்ன சார் இது? யாருமே பேசலை. உட்கார்ந்து நீங்களே டைப் அடிச்சீங்களா?”

“அம்மா மேல சத்தியமா இல்லை மேடம். அதுவாவே கத்துக்கிட்டிருக்கு. எப்படின்னு சொல்றேன். ஒருத்தர் ரெண்டு ரிங் குடுத்துப் பார்க்கிறார். சூசை வரலை. கோவத்துல அரைமணி கழிச்சு அதே நம்பர்லேருந்து கூப்பிட்டு வாயாலயே திட்டுறார், தண்ணி வரலைன்னு. வாசல்ல ரிஜிஸ்டர் வச்சிருக்கான்னு சொன்னேனே, அவன் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கிறான். இப்படி நூறு பேர். ரெண்டு ரிங்னா வரலைன்னு புரிஞ்சுபோச்சு. மூணு ரிங்குக்கும் அதே மாதிரிதான். தெரு எதுன்னுதான் டைரக்டரியும் வீட்டு வரிப் பதிவேடும் ஏத்தியிருக்கோமே. என் மாமனாருக்கு முப்பது வருஷமா நான் பேசினதே புரியலை. இதுக்கு நான் பேசாததும் புரியுது.”

இதுவரைக்கும் ஒரு மனுஷன் சொல்லி நம்பலாம். அடுத்துச் சொன்னதுதான் தெய்வசிகாமணித்தனம்: பெட்டி திரும்ப மணி கொடுக்கிறது என்றார். தண்ணீர் வரவில்லை என்று இரண்டு ரிங் கொடுத்த வீட்டுக்கு, சூசை வால்வைத் திறந்து, அதே தெருவில் வேறு யாராவது ஒரு ரிங் கொடுத்ததும், தானும் ஒரு ரிங் அடித்து வைத்துவிடுகிறதாம். நாற்றம் என்று மூன்று ரிங் வந்தால், அக்கம்பக்கத்துத் தெருக்களில் முன்பு மணி கொடுத்த வீடுகளுக்கெல்லாம் மூன்று ரிங் போகுமாம். சூசையின் செல்போனுக்கும் மணி போகிறதாம். வந்த வழியிலேயே பதில். மேடம் போட்ட கட்டளைதானே என்று கும்பிடு வேறு போட்டார்.

லோகநாயகி நம்பவில்லை. அவர்தான் பொழுது போகாமல் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் மணி கொடுக்கிறார் என்று முடிவு கட்டினாள். ஒருமுறை அந்தப் பெட்டி இருக்கும் அறைக்குப் போய் ஐந்து நிமிடம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். சந்தேகம் இருந்தால்தானே போய்ப் பார்ப்பார்கள். அவளுக்குச் சந்தேகமே இல்லை.

ஊருக்கும் இல்லை, வேறு விதத்தில். பெட்டி மணி அடித்துவிட்டது என்று குடத்தை எடுத்தார்கள். மெகராஜ் பேகம் பெட்டிக்கு ஒரு டப்பா ரவா லட்டு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அதைத் தெய்வசிகாமணி பெட்டியின் சார்பில் பெற்றுக்கொண்டார். சூசைகூட ஒருநாள் தலையைச் சொறிந்துகொண்டு, அது சரியாகத்தான் சொல்கிறது மேடம் என்றார்.

“சூசையண்ணே, நீங்களுமா?” என்றாள் லோகநாயகி.

ஐப்பசியில் மழை பிடித்தது. கேபிள் போடத் தோண்டியவர்கள் பர்மா காலனி முனையில் எதையோ உடைத்துவிட்டுச் சொல்லாமல் மூடிவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஐந்து ஐம்பதுக்கு எட்டாம் தெருவிலிருந்து பெட்டிக்கு மூன்று ரிங் வந்தது. அடுத்த ஒரு நிமிடத்துக்குள் அக்கம்பக்கத்துத் தெருக்களிலிருந்து இன்னும் நாலு, எல்லாம் மூன்று மூன்று.

ஐந்து ஐம்பத்திரண்டுக்கு லோகநாயகியின் வீட்டு லேண்ட்லைன் அடித்தது. மூன்று ரிங். நின்றது.

அவள் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஒருத்தருக்கும் தெரியாத நம்பரைக்கூடத் தோண்டி எடுத்துவிட்டாரா இந்த மனுஷன் என்று தெய்வசிகாமணியைத் தூக்கத்திலேயே திட்டினாள். எழுந்து போய் வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வந்து படுத்தாள். அவளுடைய கணவர் திருநாவுக்கரசு, பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர், வாசல் குழாயில் சொம்பில் தண்ணீர் பிடித்து வழக்கம்போல் அண்ணாந்து குடித்தார். அவருக்கு மூன்று நாளாக ஜலதோஷம். மூக்குக்குப் பக்கத்தில் மீன் சந்தையையே வைத்தாலும் தெரிந்திருக்காது.

அதே ஐந்து ஐம்பத்திரண்டுக்குச் சூசையின் செல்போனிலும் மூன்று ரிங். அவர் யாரிடமும் கேட்கவில்லை. சைக்கிளை மிதித்துப் போய்ப் பெரிய வால்வை மூடினார். அந்தக் குழாயின் கடைசியில் இருந்த பிரசவ ஆஸ்பத்திரிக்கும் தண்ணீர் நின்றது. கழிவு போகட்டும் என்று குழாயின் அடி வாயைத் திறந்து இரண்டு நாள் முழுக்க ஓடையில் விட்டார். ஆஸ்பத்திரியில் அன்று கவுன்சிலரின் மருமகள் சேர்ந்திருந்தாள். வெந்நீர் கேட்டதற்குத் தண்ணீரே இல்லை என்றார்கள். சாயங்காலத்துக்குள் கமிஷனர், கவுன்சிலர், கவுன்சிலரின் மைத்துனர் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: யாரைக் கேட்டு மூடினாய்?

தண்ணீர் மாதிரி எடுக்க ஆள் வந்தது வியாழக்கிழமை. சூசை இரண்டு நாள் அலம்பிவிட்ட குழாயில் பன்னீர் மாதிரி தண்ணீர் வந்தது. தன் பக்கத்து ஆதாரத்தைத் தானே கழுவி ஓடையில் விட்டிருந்தார். ஒன்பது தெருவிலும் ஒருத்தருக்கும் ஒன்றும் ஆனதாக நகராட்சிக்குத் தகவல் வரவில்லை. மணி கேட்டதும் குடத்தைக் கவிழ்த்துவிட்டார்களே. ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதே தண்ணீரில் ஒன்றும் இல்லை என்பதற்குச் சாட்சியாகக் கோப்பில் ஏறியது. பெட்டியைக் கமிஷனர் உடனே பிடுங்கச் சொல்லி, விற்ற கம்பெனிக்கே திருப்பி அனுப்பினார். அங்கே முதல் வேலையாக உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துவிட்டார்கள். மெகராஜ் பேகமும் இன்னும் பலரும் மூன்று ரிங் வந்தது உண்மை என்று எழுதிக் கொடுத்தார்கள். ரிங் வந்தது சரி, சூசையும் தெய்வசிகாமணியும் ஒரு லிஸ்டை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு போனில் அடித்துப் பீதி கிளப்பினார்கள் என்று மேலிடம் சொல்லிவிட்டது. அப்படி இல்லை என்றால் பெட்டி தானாக அடித்தது என்றல்லவா ஆகும். அதை எந்தப் பொறியாளர் ஒப்புக்கொள்வார்?

லோகநாயகி ஒப்புக்கொள்ளவில்லை. அறிக்கையை அவள் எழுதியது தனியார் ஆஸ்பத்திரி ஒன்றின் வராந்தாவில். உள்ளே திருநாவுக்கரசு ஐந்து நாளாக டிரிப்ஸில் கிடந்தார். வாந்தியும் பேதியும் நிற்கவில்லை. மூன்றாம் நாள் பேச்சே குழறியது. பஸ் ஸ்டாண்டில் பரோட்டா தின்றதால் வந்தது என்று அவள் டாக்டர், நர்ஸ், பார்க்க வந்தவர்கள் எல்லோரிடமும் சொன்னாள்.

“நான் பரோட்டாவே சாப்பிடலையேடி” என்று அவர் முனகினார்.

“பேசாம படுங்க.”

டாக்டர் ஒருநாள், உங்க காலனியிலிருந்து வேறு யாருமே வரலையே, ஆச்சரியம்தான் என்றார். அவள் அறிக்கையின் கடைசி வரியை எழுதிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

நாலாம் நாள் சூசை வந்தார். சஸ்பெண்டில் இருக்கிற மனுஷன், இரண்டு இளநீரை வெட்டிக்கொண்டு வந்திருந்தார். சாருக்கு எப்படி இருக்கு என்று கேட்டார். கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பர்மா காலனி வீடு, வாந்தி, பேதி. இருபத்திரண்டு வருடம் தண்ணீர் திறந்துவிட்ட ஆளுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள், அத்தோடு முடிந்திருக்கும். கேட்காமல் இளநீரை மூடிவைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த எரிச்சல் மூன்று வாரமாகியும் அவளுக்குத் தீரவில்லை.

“மேடம்” என்றார் விசாரணை அதிகாரி.

அவள் நிமிர்ந்தாள். தெய்வசிகாமணி தன் சாட்சியத்தை முடித்துவிட்டு, ஒரு கச்சேரி முடித்தவர் மாதிரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதிகாரி தன்னிடமிருந்த அறிக்கை நகலை எடுத்தார்.

“இயந்திரம் தானாக யாரையும் கூப்பிடாது. இது உங்க அறிக்கை. சரிதானே?”

சூசை அவளைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். மணி பதினொன்று, இந்நேரம் தொட்டி நிரம்பியிருக்க வேண்டும், புது ஆள் சரியாக ஏற்றினானோ இல்லையோ என்ற கவலை அவர் முகத்தில் இருந்தது. வேலை போகப்போகிற மனுஷனுக்கு இந்தக் கவலை எதற்கு என்று லோகநாயகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஐயா, அந்த லிஸ்ட் உங்ககிட்ட இருக்கா?” என்றாள். “இவங்க ரெண்டு பேரும் கையால அடிச்சதா சொல்றாங்களே, அந்த லிஸ்ட்.”

அதிகாரி தேடிப்பார்த்து, லிஸ்ட் கிடைக்கவில்லை, அனுமானம்தான் என்றார்.

“அதுல என் வீட்டு நம்பர் இருக்க முடியாது. எங்க வீட்டுல லேண்ட்லைன் இருக்கு. இந்த ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது, கமிஷனருக்கே தெரியாது. இல்லைன்னு நான்தான் பொய் சொல்லி வச்சிருந்தேன். வீட்டு ஓனர் பேர்ல இருக்கு.”

தெய்வசிகாமணியின் துண்டு பாதி முகத்தில் நின்றது.

“ஆடி மாசம் ஒரு தடவை அதிலிருந்து பெட்டிக்கு ரெண்டு ரிங் குடுத்தேன். டெஸ்டுக்கு. பெட்டி அதை நிஜப் புகார்னு எடுத்துக்கிச்சு. தெரு வாரியா வந்த முதல் பட்டியல்ல முதல் வரி அதுதான். நான் சிவப்பு மையில அடிச்சேன், பேப்பர் கோப்புல இருக்கு, பாருங்க. அந்த நம்பர் இந்த ஆபீஸ்ல பெட்டிக்கு மட்டும்தான் தெரியும். அன்னைக்கு அஞ்சு அம்பத்திரெண்டுக்கு அதுல மூணு ரிங் வந்துச்சு.”

“நீங்க என்ன பண்ணீங்க?”

“வயரைப் பிடுங்கிட்டுத் தூங்கினேன்.” அவள் மடியிலிருந்த கோப்பை மேஜைமேல் வைத்தாள். “ஒன்பது தெருவுல அந்தத் தண்ணியைக் குடிச்ச ஒரே வீடு என்னுதுதான் ஐயா. என் வீட்டுக்காரர் அஞ்சு நாள் படுத்த படுக்கை. ஆஸ்பத்திரிச் சீட்டு தரேன். பரோட்டான்னு ஊரெல்லாம் சொன்னேன். அவர் பரோட்டா சாப்பிடலை.”

அதிகாரி பேனாவைத் திறந்தார். “அப்போ இந்த அறிக்கை?”

“பெட்டிக்கு அந்தத் திறன் இல்லைன்னு எழுதியிருக்கேன். அந்தத் திறனைக் கொடுத்ததே என் கட்டளைதான். வந்த வழியே பதில்னு நான்தான் போட்டேன். அதைக் கிழிச்சிடுங்க, புதுசா எழுதித் தரேன்.”

சூசை இப்போதுதான் ஜன்னலிலிருந்து திரும்பினார். சாருக்கு இப்போ பரவாயில்லையா என்று மட்டும் கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். அந்த மூன்று வார எரிச்சல் எங்கே போயிற்று என்று தேடிப்பார்க்க நேரமில்லை. அதிகாரி எழுதக் காத்திருந்தார். தெய்வசிகாமணி சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளலாமா, மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு புகார், ஒருத்தரும் வாயைத் திறக்காமல், அதையுமா என்று கேட்டார்.

லோகநாயகி தெய்வசிகாமணியைப் பார்த்தாள்.

“அந்த எண்ணிக்கை மட்டும் தப்பு ஐயா” என்றாள். “நான் அடிச்சுட்ட வரியை அவர் சேர்க்கலை. மூவாயிரத்து நானூத்திப் பதிமூணு. வாழ்க்கையில முதல் தடவையா மனுஷன் ஒண்ணு குறைச்சுச் சொல்லியிருக்கார். மத்ததெல்லாம் நடந்தது.”